ஜாக்கி வைத்த இடம்

1

நேற்று டயர் மாற்றப் போனேன். இங்கே ஜெர்மனியில் குளிர் தொடங்கியதும் காருக்குப் பனிக்கால டயர் போட்டுவிட வேண்டும். கோடை டயரோடு பனி ரோட்டில் போய் மாட்டினால் அபராதம். எங்கள் ஹனோவர் நகரத்தில் பெரும்பாலும் அக்டோபரிலேயே இந்த வேலையை முடித்துவிடுகிறார்கள். நான் நவம்பர் நடுப்பகுதி வரை தள்ளிப்போட்டேன். பக்கத்து வீட்டம்மா இரண்டு முறை நினைவுபடுத்திய பிறகுதான் கிளம்பினேன்.

டயர்க் கடைக்காரர் கார் படம் அச்சிட்ட ஒரு தாளோடு வண்டியைச் சுற்றி வந்தார். ஏற்கெனவே இருக்கிற கீறல், நசுங்கலையெல்லாம் அதில் குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் இங்கே வண்டியில் கை வைப்பார்கள். "பழைய சேதம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். சேதத்துக்கு இவர்கள் மொழியில் 'ஷாடன்' என்று பெயர். 'ஷூல்ட்' என்றால் குற்றம். பதினேழு வருடமாக இங்கே இருக்கிறேன். ஆனாலும் வாய் குழறி, "பழைய குற்றம் எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "அப்படிச் சொல்லக்கூடிய ஒருவரை இன்றுதான் பார்க்கிறேன்" என்றார். நானும் சிரித்தேன், கையெழுத்துப் போட்டேன். உள்ளே போய்க் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதும் அழுகை வந்தது. அடக்க முடியவில்லை. ஒரு பெண் கைக்குட்டைத் தாளை நீட்டிவிட்டு, எதுவும் கேட்காமல் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

போன வருடம் இதே வாரத்தில் தேனியில் ஒரு டயர் மாற்றினேன். அதில் நடந்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஊரில் இருப்பவர்கள் படிக்கிற இடத்தில் எழுதிவிடுவது என்று நேற்று அங்கே நின்றபோதே முடிவுசெய்தேன்.

2

என் அப்பா தேனி மார்க்கெட்டில் முப்பது வருடம் நவதானியக் கடை வைத்திருந்தவர். அம்மா இறந்ததும் கடையைக் கைமாற்றிவிட்டு, கோம்பையில் என் தம்பி சாமுவேல் வீட்டோடு வந்து இருந்தார். தம்பிக்கு அங்கே உரக்கடை. மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாமல் போயின. திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று நாள் தேனிக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம்.

அந்த ஓட்டத்துக்காகவே தம்பி ஒரு மின்சாரக் கார் வாங்கினான். குலுங்காது, புகை நாற்றம் இல்லை, அப்பாவுக்குக் குமட்டாது என்று தேடித் தேடி வாங்கியது. வாங்கி ஏழு மாதமாகியும் சீட்டின் பாலிதீன் உறையை அவன் கழற்றவில்லை.

நான் நான்கு வார விடுப்பில் போயிருந்தேன். என் மகள் லேயா வரவில்லை. பதினாறு வயது. "அங்கே எனக்கு என்ன வேலை?" என்று ஜெர்மனில் கேட்டுவிட்டுத் தோழி வீட்டில் தங்கிக்கொண்டாள். எனக்கும் அங்கே பெரிய வேலை இருக்கவில்லை. தம்பி மனைவி சமையலறைக்குள் விடவில்லை, தம்பி கணக்குப் புத்தகத்தைக் காட்டவில்லை. விருந்தாளி போல இருந்தேன். கடைசியில், "அப்பாவ நான் தேனிக்குக் கூட்டிட்டுப் போறேன், நீ கடையப் பாரு" என்று தம்பியிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டு வாங்கினேன்.

சாவியை உடனே தந்துவிடவில்லை. "சின்னமனூர் வழியாவே போக்கா. தேவாரம் ரோட்டுப் பக்கம் போயிராத. மழைக்குத் தரைப்பாலமெல்லாம் கெட்டுக் கெடக்கு" என்றான். சரி என்றேன். முதல் வாரம் அப்படித்தான் போய் வந்தோம்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை. காரில் ஏறியதும் அப்பா பின்சீட்டிலிருந்து, "ஆத்தா, மேக்க மலைல நல்ல மழையாம். தேவாரத்துப் பக்கம் ஓடைல தண்ணி வந்திருக்கும். பாத்துட்டுப் போவமா?" என்றார்.

டயாலிசிஸ் செய்கிறவர்கள் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாது. அப்பாவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான் கணக்கு. அதைத் தம்பி மனைவி காலையில் அளந்து ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவாள். இரண்டு வருடமாக அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்த மனிதர், ஓடுகிற தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். தம்பியிடம் இதைக் கேட்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். என்னிடம் கேட்டதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வண்டியைத் தேவாரம் ரோட்டில் விட்டேன்.

தரைப்பாலத்தின் மேல் செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கணுக்கால் அளவுதான் இருக்கும். நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டேன். அப்பா கண்ணாடியோரமாக நகர்ந்து உட்கார்ந்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதை முன் கண்ணாடியில் பார்த்தேன். ஐந்து நிமிடம் போயிருக்கும். பின்னால் காய்கறி ஏற்றிய சின்ன லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. நான் பதறிப்போய் வண்டியை எடுத்தேன்.

பாதிப் பாலத்தில் 'டங்' என்று முன்னால் இடித்தது. அடியில் எதுவோ உரசிக்கொண்டே வந்தது. வண்டி ஒரு பக்கம் தூக்கி, இறங்கி, அக்கரை ஏறிவிட்டது.

"கல்லும்மா" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

தேனியில் அவரை டயாலிசிஸ் மையத்தில் இறக்கும்போதுதான் பார்த்தேன். முன்பக்க இடது டயரின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு வெட்டு. காற்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவும் பார்த்தார்.

"நீங்க உள்ள போங்கப்பா. நீங்க வெளிய வர்றதுக்குள்ள புது டயர் மாட்டிர்றேன். சாமுவேலுகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்."

அவர் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

3

அல்லிநகரத்தில் ரோட்டோரமாக ஒரு டயர்க் கடை இருந்தது. கார்த்திகை மாதம். குமுளி வழியாகச் சபரிமலை போகிற வேன்கள் வரிசையில் நின்றன. முதலாளி செல்லப்பாண்டி இரண்டு காதிலும் போனை மாற்றி மாற்றி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். வேலை செய்தது அபுதாகிர் என்ற உத்தமபாளையத்துக்காரர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நரைத்த தாடி.

குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார். "எங்கனக்கா இடிச்சீக?"

"இடிக்கல. ஆணி ஏதாச்சும் குத்திருக்கும்."

"ஆணி பக்கவாட்டுல எப்படிக்கா குத்தும்?"

பதில் சொல்லாமல், "கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக் குடுங்க. எங்கப்பா ஆஸ்பத்திரில இருக்காக" என்றேன்.

அதற்காக வேன்களை விட்டுவிட்டு என் வண்டிக்கு வந்தார். சக்கரம் வைத்த பெரிய ஜாக்கியை அடியில் தள்ளினார். அந்த நேரம் லேயாவின் பள்ளியிலிருந்து ஒரு செய்தி வந்தது. சுற்றுலா அனுமதிக் கடிதத்தில் இன்றைக்குள் கையெழுத்து வேண்டும் என்று. போனைப் பார்த்தபடி நின்றேன். காய்ந்த தேங்காய்ச் சிரட்டையை மிதித்தது போல 'நொறுக்' என்று சத்தம் கேட்டது.

அபுதாகிர் ஜாக்கிப் பிடியை அழுத்துவதை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். ஜாக்கியை இறக்கி வெளியே இழுத்து, ஓரமாக வேறு இடத்தில் வைத்து மறுபடி தூக்கினார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவசரம் எனக்கு.

"பில்லு போடவாக்கா?"

"வேணாம்." பில்லில் புது டயர் என்று இருக்கும், தம்பி பார்ப்பான். பழைய டயரையும் அவர்களையே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஐம்பது அடி போயிருப்பேன். திரையில் சிவப்பாக எச்சரிக்கை வந்தது, கூவியது, வண்டி அப்படியே நின்றது. நான்கு பேர் தள்ளிக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். செல்லப்பாண்டி போன் வெளிச்சத்தை அடித்துக் கீழே படுத்துப் பார்த்தார். இந்த மாதிரிக் கார்களில் பேட்டரி தரைக்குக் கீழேயே பலகை மாதிரிப் படுத்திருக்கும். அந்தப் பெட்டி நசுங்கி இருந்தது.

"இது எங்க வேல இல்லம்மா. வரயிலேயே அடிபட்டு வந்திருக்கு" என்றார் எழுந்து.

"ஜாக்கி வச்சப்ப சத்தம் கேட்டுச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அபுதாகிரு, சத்தம் கேட்டுச்சாய்யா?"

அபுதாகிர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தெரியல மொதலாளி."

"கேமரா இருக்குல்ல, பாப்போம்" என்றேன்.

"அது ரெண்டு மாசமா ஓடல. சரி, நீங்க ஒண்ணு சொல்லுக. வார வழில எங்கனயாச்சும் இடிச்சீகளா?"

"இல்லவே இல்ல."

கூட்டம் கூடியிருந்தது. நான் கத்திக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறவள் போலவே கத்தினேன். பாதி உண்மைதானே.

4

சாயங்காலம் வாடகைக் காரில் கோம்பை வந்து சேர்ந்தோம். தம்பி வாசலில் நின்றான். அவன் கத்தவில்லை.

"வழில எதுலயாச்சும் ஏத்துனியாக்கா?"

"இல்லடா. டயர்ல காத்து எறங்குச்சு, மாத்தப் போனேன். அவங்கதான் ஜாக்கிய எடம் மாத்தி வச்சுட்டாங்க."

"எந்த வழியாப் போன?"

"சின்னமனூர் வழியா."

அவன் அப்பாவிடம் திரும்பினான். "அப்பா, எங்கனயாச்சும் இடிச்சுச்சா?"

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிராமல், "இல்லப்பா" என்றார்.

அதோடு தம்பி என்னை எதுவும் கேட்கவில்லை. அப்பா சொல்லிவிட்டால் அவனுக்கு மறுபேச்சுக் கிடையாது.

கார் மதுரைக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்டது. பேட்டரியை மொத்தமாக மாற்ற வேண்டும், வெளி அடியால் வந்தது என்பதால் வாரண்டி கிடையாது, காப்பீட்டில் கேட்டுப் பாருங்கள் என்று பணிமனையில் சொல்லிவிட்டார்கள். பேட்டரிக்கான தொகை, காரின் விலையில் பாதிக்கு வந்தது.

காப்பீட்டுப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். 'அன்றைய பயணத்தில் வாகனம் ஏதேனும் பொருளின் மீது மோதியதா? நீர் தேங்கிய பாதையில் சென்றதா?' என்று கேட்டிருந்தது. இரண்டுக்கும் 'இல்லை' என்று எழுதினேன். கார் தம்பி பெயரில் இருந்ததால் கையெழுத்து அவனுடையது. நான் காட்டிய இடத்திலெல்லாம் படிக்காமலே போட்டான்.

பதினோரு வருடமாக ஒரு மருந்து ஆலையில் எனக்கு வேலை என்னவென்றால், அங்கே என்ன நடந்ததோ அதுதான் தாளில் எழுதியிருக்கிறதா என்று சரிபார்ப்பது. ஒரு நிமிடம் மாற்றி எழுதியிருந்தாலும் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவேன்.

5

அதன் பிறகு வந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மாவட்டத்திலிருந்த வாடகை வண்டியெல்லாம் சபரிமலைக்குப் போயிருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு விடிகாலையில் போனை அணைத்துவிடுவார்கள். பஸ்ஸில் போனோம். கோம்பையிலிருந்து உத்தமபாளையம், அங்கே மாறித் தேனி. போகும்போது பரவாயில்லை. டயாலிசிஸ் முடிந்து வரும்போது அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, உடம்பு ஈரத்துணி மாதிரித் துவண்டுவிடும். ஒரு தடவை வீரபாண்டி தாண்டியதும் வாந்தி எடுத்தார். முன்சீட்டில் பட்டுச்சேலை உடுத்தியிருந்த அம்மா ஒருத்தி மேல் பட்டது. அவள் திட்டவில்லை. தன் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "குடிங்கய்யா" என்றாள். அப்பா அதையும் குடிக்க முடியாது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, வருகிறேன் என்ற வாடகை வண்டி வரவேயில்லை, காத்திருந்ததில் பஸ்ஸும் போய்விட்டது. டயாலிசிஸ் ஒரு தடவை விட்டுப்போனது. சனிக்கிழமை காலையில் அவர் பாதம் இரண்டும் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறினார். தம்பி உரம் ஏற்றி வந்த லோடு வண்டியின் முன்சீட்டில் அவரை மடியில் சாய்த்துத் தேனிக்குக் கொண்டுபோனான். எனக்கு அதில் இடமில்லை. நான் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனேன்.

அந்த ஒரு வாரம் வெறிபிடித்தவள் போல அலைந்தேன். செல்லப்பாண்டிக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவர் வாங்காமல் திருப்பிவிட்டார். நேரில் போனபோது, "எழுதிக் குடுத்தா பயந்துருவேனாம்மா? இது சீமை இல்ல" என்றார். கலெக்டர் அலுவலகத்திலிருக்கிற நுகர்வோர் குறைதீர்க்கும் பிரிவுக்குப் போனேன். மேசையில் இருந்தவர் என் தாள்களைப் பொறுமையாகப் புரட்டினார்.

"டயர் மாத்துன பில்லு இருக்காம்மா?"

"வாங்கல."

"கார் யார் பேருல?"

"தம்பி பேருல."

"உங்க ஆதார்?"

ஜெர்மன் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தேன். அவர் அதைத் தொடாமலே பார்த்தார். "கார் உங்களது இல்ல. நாடும் உங்களது இல்ல. கையில பில்லும் இல்ல. இதுல நீங்க யாரும்மா?"

ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே படிவத்தில் என்னை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. வெளியே வந்து கலெக்டர் அலுவலக மரத்தடியில் வெகுநேரம் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை லேயா வீடியோவில் வந்தாள். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. அப்பா பக்கத்துக் கட்டிலில் இருந்தார். அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில் ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லையும் சேர்த்து.

அவள் கேட்டுவிட்டு, "கல்லில் இடித்ததை ஏன் சொல்லவில்லை? சத்தம் ஜாக்கியில்தானே வந்தது? அப்புறம் எதற்குப் பொய்?" என்றாள். இங்கே வளர்ந்த பிள்ளை. அவளுக்கு அது அவ்வளவு எளிது.

"பிள்ள என்ன கேக்குறா?" என்றார் அப்பா.

"நீங்க சாப்பிட்டீகளான்னு கேக்குறாப்பா."

"அதக் கேக்க இம்புட்டு நேரமா?" என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

6

காப்பீட்டு ஆய்வாளர் மதுரையில் காரைத் தூக்கிப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினார். அதில் இரண்டு அடையாளங்கள் இருந்தன. ஒன்று, நசுங்கிய இடத்தில் வட்டமாக, ஜாக்கி முகத்தின் வரிகள் அப்படியே பதிந்திருந்தன. இன்னொன்று, முன்பக்கத்திலிருந்து நீளமாக ஒரு கீறல், அதில் செம்மண் அப்பியிருந்தது. கீறல் மேலாகத்தான் இருக்கிறது, பேட்டரி பாழானது வட்டத்தால்தான் என்று அவரே எழுதியிருந்தார். ஆனால் வாகனம் எதன் மீதும் மோதவில்லை, நீரில் செல்லவில்லை என்று உரிமையாளர் கையெழுத்திட்டது உண்மைக்கு மாறானது. ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

நான் படித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். நியாயம் என் பக்கம்தான் இருந்திருக்கிறது. கல்லைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் போதும், எல்லாம் கிடைத்திருக்கும்.

தம்பி அதை வேறு மாதிரிப் படித்தான். கீறலும் டயர்க் கடைக்காரன் வேலைதான், ஜாக்கியை இழுத்ததில் விழுந்தது என்றான். "அப்பாவே இடிக்கலன்னு சொல்லிட்டாக. பெறகு கீறல் எப்படி வரும்?" அவனிடம் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

அன்று திங்கள்கிழமை. டயாலிசிஸ் முடிந்ததும் அப்பாவை ஆட்டோவில் ஏற்றி நேராக அல்லிநகரம் விடச் சொன்னான். அப்பாவை ஆட்டோவிலேயே உட்காரவைத்துவிட்டு நாங்கள் இறங்கினோம். தம்பி போனில் படத்தைக் காட்டினான்.

"இந்தா வட்டம். உங்க ஜாக்கி அச்சு. என்ன சொல்றீக?"

செல்லப்பாண்டி உற்றுப் பார்த்தார். முகம் மாறியது. ஆனாலும் அடுத்த படத்தைத் தள்ளினார். "இந்தக் கீறல் எங்கன இருந்து வந்துச்சு? செம்மண் அப்பிருக்கு. எங்க கட சிமெண்டுத் தர. உங்க அக்கா கல்லுல ஏத்தித்தான் கொண்டாந்திருக்காக. டயர் வெட்டப் பாத்தாலே தெரியும்."

"எங்கக்கா சொல்றத விடுங்க. எங்கப்பா வண்டியில இருந்தாக. எங்கயும் இடிக்கலன்னு எங்கிட்டச் சொன்னாக. முப்பது வருசம் இதே தேனி மார்க்கெட்டுல தராசு பிடிச்ச மனுசன். போய் யார வேணாலும் கேளுக. எங்கப்பா பொய் சொல்ல மாட்டாக!"

ரோடே கேட்கும்படி கத்தினான். டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். நான் ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா இறங்கிக்கொண்டிருந்தார்.

கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டு. ஆட்டோ கம்பியைப் பிடித்தபடி நின்றார். அதற்கு மேல் நடக்க முடியவில்லை.

"சாமுவேலு."

தம்பி திரும்பினான்.

"கல்லுல இடிச்சது நெசந்தான். தேவாரம் ரோட்டுத் தரைப்பாலத்துல. நாந்தான் தண்ணியப் பாக்கணும்னு அந்த வழியா விடச் சொன்னேன். நீ கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன்." பிறகு செல்லப்பாண்டியைப் பார்த்து, "நீங்க சொன்னது சரிதான்யா" என்றார்.

தம்பியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. காலைத்தான் பார்த்தேன். அசையாமல் நின்றது.

செல்லப்பாண்டி, "கேட்டீகள்ல?" என்று கூட்டத்தைப் பார்த்துத் தொடங்கினார். அதற்குள் அபுதாகிர் ஒரு டயரை உருட்டி வந்து போட்டு, அப்பாவிடம் போனார். "உக்காருங்கய்யா மொதல்ல" என்று அதன் மேல் அவரை உட்காரவைத்தார். அப்படியே குனிந்த நிலையிலேயே சொன்னார்.

"கல்லுக்குப் பேட்டரி சாகல மொதலாளி. ஜாக்கிய நாந்தான் நடுவுல வச்சேன். அந்தக் காருக்கு எங்கன வைக்கணும்னு எனக்குத் தெரியாது. நொறுக்குன்னு சத்தம் கேட்டுச்சு. தெரியலன்னு சொன்னது பொய்."

"யோவ்!" என்றார் செல்லப்பாண்டி.

"வேலைய விட்டு நிப்பாட்டுனாலும் சரி. இவுக இந்த ஒடம்போட எறங்கி வந்து சொல்றாக. நான் எப்படி வாய மூடிட்டு இருக்க?"

7

பேசி முடிக்க இரண்டு நாள் ஆனது. கோயம்புத்தூரில் பேட்டரிப் பெட்டியை மட்டும் சரிசெய்கிற இடம் ஒன்று இருக்கிறது என்று செல்லப்பாண்டியே தேடிக் கண்டுபிடித்தார். செலவில் பாதி அவர், பாதி நாங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். என் பாதியை நான் கொடுத்தேன். ஆனால் இரண்டு மாதமாவது ஆகும் என்றார்கள். அபுதாகிரை அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை. இரண்டு வாரம் அவரோடு பேசவில்லையாம், அவ்வளவுதான்.

தம்பி என்னோடும் அப்பாவோடும் பேசவில்லை. அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனான், மாத்திரை எடுத்துக் கொடுத்தான், கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தான். எல்லாம் வாய் திறக்காமல். சாப்பிடும்போது அப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருந்த கடைசி ஆறு நாள் மாதிரி என் பகைவருக்கும் வரக்கூடாது.

கிளம்பும் நாள் தம்பி கடைக்குப் போய்விட்டான். அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தேன். "நான் சொல்ல வேணாம்னு சொன்னதுனாலயாப்பா, அன்னைக்கு நீங்களும் இல்லன்னு சொன்னீக?" என்று கேட்டேன். ஆமாம் என்பார், என் மேல் உள்ள பிரியத்தால் என்பார், அதைச் சுமந்துகொண்டு போகலாம் என்று நினைத்திருந்தேன்.

"இல்லத்தா" என்றார். "பயந்துதான். நீ போயிருவ. நான் அவன் மொகத்தப் பாத்துக்கிட்டுல்ல இங்கன கெடக்கணும்."

வாசலில் வண்டி வந்து நின்றது. எழுந்தேன்.

நான் இங்கே வந்து சேர்ந்து பத்தொன்பதாவது நாள் அப்பா இறந்துபோனார். டயாலிசிஸுக்குப் போகிற வழியில், வாடகைக் காரில். விட்டுப்போன அந்த ஒரு வெள்ளிக்கிழமைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று மருத்துவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாளே அடக்கம். நான் வந்து சேர முடியாது. போனிலாவது காட்டச் சொல் என்று தம்பி மனைவியிடம் அழுதேன். அவள் தம்பியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, "காட்ட வேணாம்ங்கறாக அண்ணி" என்றாள்.

பிறகு பத்து மாதம் அவனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. போன மாதம் ஒரு மத்தியானம் அவன் பெயர் போனில் வந்தது. வேலையிடத்தில் இருந்தேன். நடைபாதைக்கு ஓடினேன்.

"அக்கா."

"சொல்லுடா."

நலம் விசாரிக்கவில்லை. ரொம்ப நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைப் போலக் கேட்டான். "ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும். அன்னைக்கு வாசல்ல நான் கேட்டப்ப, அப்பா இல்லன்னு சொன்னாகள்ல. உனக்காகச் சொன்னாகளா, எனக்குப் பயந்து சொன்னாகளா?"

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு அது கேட்டது.

"எனக்காகத்தான்டா" என்றேன். "நாந்தான் சத்தியம் வாங்குனேன். உங்கிட்டச் சொல்லிருவேன்னு சொல்லிட்டே இருந்தாக. நான் விடல."

அந்தப் பக்கம் அவன் அழுதான். சின்ன வயதில் அழுவது போல, விக்கி விக்கி. நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அழுது முடித்ததும், "சரிக்கா. லேயாவக் கேட்டதாச் சொல்லு" என்று வைத்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுகிறான்.

அவன் எதையும் படிக்கிறவன் இல்லை. ஆனால் கடைக்கு வருகிற யாராவது இதைப் படித்துவிட்டு, உங்கள் அக்கா எழுதியிருக்கிறார் என்று நீட்டக்கூடும். அப்படி நடந்தால், சாமுவேலு, ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட வேண்டாம். நானே கூப்பிடுகிறேன். எடுப்பதும் எடுக்காததும் உன் விருப்பம்.